அஞ்சாம் நம்பர் ஹட்டு

டவர் போயிட்டா சார்? வரும், வரும். பஸ்ஸு அந்தக் காத்தாலைய எல்லாம் தாண்டணும். போனை மேல தூக்கிப் பிடிச்சா ஒண்ணும் ஆகாது, அது சும்மா நம்ம மனசுக்கு. எல்லாரும் அப்படித்தான் செய்யுதாங்க.

நமக்கு அந்த லைன்லதான் சார் வேலை. டவர் இல்ல, மண்ணுக்குள்ள போகுதுல்லா கேபிள், அது. இருபத்திரண்டு வருஷம் பாத்தாச்சு, போன ஏப்ரல்ல ரிட்டயர்டு. பேரு ஞானதிரவியம். பாளையங்கோட்டை.

இப்ப ஏறுனேன்லா, அந்த ஊர்ல சொந்தக்காரங்க யாரும் கிடையாது. கூட வேலை பாத்த ஒரு பிள்ளை இருக்கா, இசக்கியம்மாள்னு. அவளைப் பாத்துட்டு வாரேன். ஒரு டம்ளர் தண்ணி தரலன்னா பாருங்க. ஒரு மணி நேரம் நின்னேன்! நான் அதைப் பெருசா எடுக்கல. என் மக பியூலா கல்யாணத்துக்கே வராதவதான அவ. நேர்ல போய்ப் பத்திரிகை வச்சேன் சார். தாம்பாளத்துல வெத்தலை பாக்கு வச்சு, என் வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போய். வாங்கி மேசையில வச்சா. வாரேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. வரல. அப்படி நீங்க என்ன செஞ்சீங்கன்னு என் வீட்டம்மா இன்னிக்கு வரைக்கும் கேக்கா.

நீங்க கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

மதுரையிலருந்து நாகர்கோவிலுக்கு எங்க கம்பெனி லைன் ஒண்ணு போகுது. கண்ணாடி இழை, தலைமுடி மொத்தம்தான் இருக்கும். அதுக்குள்ள வெளிச்சம் போகும். ஒரு வெளிச்சம் இல்ல, நாப்பது. நாப்பதும் நாப்பது நிறம், கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு நிறத்துலயும் ஒவ்வொருத்தருக்கு உண்டான சேதி போகும். பேங்க் ஒண்ணுல, ஆஸ்பத்திரி ஒண்ணுல, உங்க போன் ஒண்ணுலன்னு வச்சுக்கோங்க. போகப்போக வெளிச்சம் மங்கிரும். அதனால வழியில அங்கங்க ஒரு ஹட்டு. ஒத்தை ரூம்புதான். ரோட்டோரம் பாத்திருப்பீங்க, வேலி போட்டு, ஏசி மட்டும் ஓடிக்கிட்டிருக்கும், ஆளு இருக்காது. அதுக்குள்ளதான் ஆம்ப்ளிஃபயர். மங்கி வார வெளிச்சத்தை வாங்கி, பலம் ஏத்தி அனுப்பும்.

அதுல என்ன கஷ்டம்னா சார், நாப்பதுக்கும் ஒண்ணுபோல ஏத்தணும். அது தானா ஒண்ணுபோல ஏத்தாது. அதுக்குள்ள ஒரு மருந்து கலந்த இழை இருக்கு, அந்த மருந்துக்கு சில நிறம் பிடிக்கும், சில நிறம் பிடிக்காது. பிடிச்சதுக்கு அதிகமா குடுத்துரும். ஒரு ஹட்டுல கொஞ்சம் வித்தியாசம்னா ஒண்ணும் தெரியாது. ஆறு, ஏழு ஹட்டு தாண்டினா ஒண்ணு கத்தும், ஒண்ணு முனகும். அதுக்குன்னு ஒரு ஃபில்டர் போட்டு, அதிகமா ஏறுனதைச் சீவி விடுவாங்க. கடைசி வரைக்கும் நாப்பதும் ஒரே மட்டத்துல போய்ச் சேரணும். எங்க வேலையே அதுதான். மட்டம் பாக்கது.

இசக்கி அதுல கெட்டிக்காரி. நாங்க வெறும் டிப்ளமா. அவ இன்ஜினியரிங் முடிச்சு வந்தவ, சேரும்போது இருபத்தஞ்சு வயசு இருக்கும். அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல லோடு ஏத்துனவரு. வீட்டுல முதல் சம்பளம் இவளுதுதான். ஸ்கூட்டியில ஹட்டு ஹட்டா வருவா. என்னை 'அண்ணாச்சி'ன்னுதான் கூப்பிடுவா. மத்த இன்ஜினியருங்க எங்களை மதிக்க மாட்டானுவ சார். இவ அப்படி இல்ல. அதைச் சொல்லணும்.

அஞ்சாம் நம்பர் ஹட்டு என் பொறுப்பு. அதுல ஆம்ப்ளிஃபயருக்குப் பலம் குடுக்க லேசர் வயசாகிப் போச்சு. தேவையான அளவுக்கு ஏத்த முடியல. உடனே அலாரம் அடிக்கும். அலாரம்னா சத்தம் இல்ல, மதுரை ஆபீஸ் ஸ்கிரீன்ல சிவப்பு எரியும். எரிஞ்சா கோமதிநாயகம் சார் எனக்கு போன் போடுவாரு. மேனேஜர். காலையில ஏழு மணிக்குப் பல்லு விளக்கிட்டிருப்பேன், போன் வரும். "என்னய்யா, உன் ஹட்டு இன்னிக்கும் சிவப்பா நிக்கி?" தெனமும் சார். மூணு மாசம். புது லேசர் கார்டு கேட்டு இசக்கி மூணு தடவை எழுதினா. வரல.

நான் அவட்ட கேட்டேன், "ஏம்மா, அலாரத்தை மட்டும் அமத்த வழி இருக்கா?"ன்னு.

"இருக்கு அண்ணாச்சி. ஆனா செய்யக் கூடாது"ன்னா.

டீக்கடையில வச்சுச் சொன்னா. வடை மடிச்சுக் குடுத்த தாளு, அதுலயே படம் போட்டுக் காட்டினா. அந்த மெஷினுக்கு ரெண்டு விதமாச் சொல்லி வைக்கலாமாம், மோடுன்னு பேரு. ஒண்ணு, 'வாரது ஒவ்வொண்ணையும் இத்தனை மடங்கு ஏத்து.' நாப்பது வந்தாலும் சரி, நாலு வந்தாலும் சரி, ஒவ்வொண்ணுக்கும் அதே மடங்குதான். திடீர்னு நிறம் குறைஞ்சா மெஷினே லேசரை அந்த நொடியே குறைச்சுக்கிடும். இன்னொண்ணு, 'மொத்தத்துல இவ்வளவு வெளிய தா.' இந்த ரெண்டாவதுல, கொஞ்சம் குறைச்சலா ஒரு கணக்கு வச்சுட்டோம்னா கிழட்டு லேசரே சமாளிச்சிரும். அலாரம் அமந்துரும்.

"அப்ப அதையே வையேன்"னேன்.

"வைக்கலாம் அண்ணாச்சி. நாப்பதும் வந்துக்கிட்டு இருக்க வரைக்கும் ஒண்ணும் தெரியாது. எங்கயாவது கேபிள் அறுந்து முப்பத்தி நாலு போயிட்டுன்னு வைங்க. மெஷினுக்கு அது தெரியாது. நாப்பது பேருக்கு வடிச்ச சோத்தை மிச்சம் இருக்க ஆறு பேர் எலையிலயும் கொட்டிரும். அந்த ஆறும் தாங்காது. அலாரம் அடிச்சா அடிக்கட்டும், அது உண்மையத்தான சொல்லுது."

எனக்குப் புரிஞ்சுது சார். நல்லா சொல்லுவா. எதையும் புரியும்படிச் சொல்லுவா.

அந்த மெஷின்ல கை வைக்க எனக்கு உரிமை கிடையாது. என் பேர்ல உள்ள போனா பாக்க மட்டும்தான் முடியும். மாத்தணும்னா இன்ஜினியர் பாஸ்வேர்டு வேணும். அவ தன்னோடதை எனக்குக் குடுத்திருந்தா. ஒரு தடவை மழையில ஸ்கூட்டி நின்னு போய், அவ வந்து சேர மூணு மணி நேரம் ஆச்சு, நான் சும்மா உக்காந்திருந்தேன். அதுக்கப்புறம் குடுத்தா. "அவசரத்துக்கு மட்டும் அண்ணாச்சி. எனக்குச் சொல்லிட்டுச் செய்யுங்க"ன்னா. நம்பிக் குடுத்தா, இல்லன்னு சொல்லல.

ஆறு வருஷத்துக்கு முந்தி, நவம்பர்ல அவ அப்பாவுக்கு வயித்துல ஆபரேஷன். மதுரையில வச்சு. பதினோரு நாள் லீவு எடுத்தா. நவம்பர் பன்னெண்டு, செவ்வாய்க்கிழமை. காலையில கோமதிநாயகம் சார் போன்ல கத்துன கத்து இருக்கே, என் மக பக்கத்துல நிக்கா. கல்யாணம் நிச்சயம் ஆன பிள்ளை. அவ காதுல விழுற மாதிரி, "உனக்கெல்லாம் எதுக்குய்யா வேலை"ங்காரு. எப்படி இருக்கும்?

பைக்கை எடுத்துட்டு ஹட்டுக்குப் போனேன். பதினொண்ணு இருபது இருக்கும். வழியில காராசேவு பாக்கெட் ஒண்ணு வாங்கினேன், காலையில சாப்பிடல. அதைத் தின்னுக்கிட்டே லேப்டாப்பைத் திறந்தேன். கையில எண்ணெய், சட்டையில துடைச்சேன். அவ பாஸ்வேர்டைப் போட்டேன், மாத்தினேன். ரெண்டு நிமிஷம் ஆகல. ஸ்கிரீன் பச்சையாயிட்டு. மூணு மாசத்துல முதத் தடவை பச்சை! வெளிய வந்து வேப்பமரத்தடியில நின்னேன். என்னமோ காய்ச்சல் விட்ட மாதிரி இருந்துச்சு.

அவளுக்குச் சொல்லலாம்னு போனை எடுத்தேன். ஆஸ்பத்திரியில இருக்க பிள்ளையை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? வந்த பிறகு சொல்லிக்கிடலாம்னு விட்டேன். வருகைப் பதிவு நோட்டுல கையெழுத்து போடவும் விட்டுப் போச்சு. அது எப்பவும் நடக்கதுதான்.

சனிக்கிழமை, பதினாறாம் தேதி, ரோடு அகலப்படுத்துதோம்னு ஜேசிபி வச்சுத் தோண்டினான். தூத்துக்குடிப் பக்கமிருந்து என் ஹட்டுக்கு முன்னால வந்து சேருத கேபிளை அறுத்துட்டான். முப்பத்தி நாலு நிறம் அந்த வழியா வாரது. ஒரே நொடியில போச்சு. மிச்சம் ஆறு.

அவ சொன்னபடியே நடந்துச்சு சார். அப்படியே.

அந்த ஆறும் ஆறு மடங்குக்கு மேல பலம் ஏறி ஓடியிருக்கு. அடுத்த ஹட்டெல்லாம் யோக்கியமா அதை அப்படியே வாங்கி அப்படியே அனுப்பியிருக்கு. நாகர்கோவில்ல போய் இறங்குத இடத்துல வெளிச்சத்தை வாங்குத ரெண்டு கார்டு எரிஞ்சு போச்சு, மிச்சத்துல வாரது எதுவும் படிக்க முடியல. கேபிள் அறுந்ததுக்காக மட்டும் இருந்தா இந்த ஆறும் நல்லா இருந்திருக்கும். அதுல ஒண்ணு ஒரு ஆஸ்பத்திரிக்கு உள்ளது. அவங்களுக்கு மாத்து வழி ஒண்ணு உண்டு, அது அறுந்த கேபிள்ல இருக்கு. அங்க ஸ்கேன் எடுத்து மதுரை டாக்டருக்கு அனுப்புவாங்க, அவரு பாத்துச் சொன்ன பிறகுதான் ரத்தக்கட்டைக் கரைக்க ஊசி. நாலு மணி நேரம் ஒண்ணும் போகல. ஒரு லாரி டிரைவர், நாப்பத்தாறு வயசு, பக்கவாதம். கார்ல தூக்கிப் போட்டு வேற ஊருக்குக் கொண்டு போயிருக்காங்க. ஊசிக்கு உண்டான நேரம் தாண்டிட்டு. உசிரு இருக்கு. வலது கையும் பேச்சும் போச்சு.

அவன் வீட்டுக்கு இசக்கி போனா சார். லீவு முடிஞ்சு வந்த மறுநாளே. பழம் வாங்கிட்டுப் போய், அவன் பொண்டாட்டிகிட்ட உக்காந்து பேசிட்டு வந்திருக்கா. அவ ஏன் போகணும்? போனா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா? இதை நான்தான் பேச்சுவாக்குல கோமதிநாயகம் சார்ட்டச் சொன்னேன். நல்ல பிள்ளை சார், போய்ப் பாத்துட்டு வந்திருக்கான்னு, நல்லதுக்குத்தான் சொன்னேன். அவரு அதை வேற மாதிரி எடுத்துக்கிட்டாரு. என்கொயரியில முதல் கேள்வியே அதுதான். "உங்க மேல தப்பு இல்லன்னா நீங்க எதுக்கும்மா அங்க போனீங்க?"

மதுரையில என்கொயரி. மூணு பேர் உக்காந்திருக்காங்க. மெஷின்ல யாரு, எப்ப கை வச்சாங்கன்னு எல்லாம் பதிவாயிருக்கும். பேரு இசக்கியம்மாள். தேதி பன்னெண்டு. அவ, "நான் லீவுல இருந்தேன், ஆஸ்பத்திரி சீட்டு இருக்கு"ன்னா. "வெளியிலருந்தும் லேப்டாப் வழியா உள்ள போகலாமேம்மா"ன்னாங்க. போகலாம்தான்.

அப்ப அவ சொன்னா, "என் பாஸ்வேர்டு இன்னொருத்தருக்குத் தெரியும் சார். குடுத்தது என் தப்பு. அது யாருன்னு நான் சொல்ல மாட்டேன். அவங்களே சொல்லட்டும்."

நான் ரெண்டு நாற்காலி தள்ளி உக்காந்திருக்கேன்.

அவ என்னைப் பாக்கல சார். சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தா. ஃபேன் ஓடுது. பெரியவரு ஒருத்தரு எங்கிட்டத் திரும்பி, "பன்னெண்டாம் தேதி நீங்க ஹட்டுக்குப் போனீங்களா?"ன்னாரு.

"அடிக்கடி போவேன் சார். தேதி ஞாபகம் இல்ல"ன்னேன்.

நோட்டைப் பாத்தாங்க. கையெழுத்து இல்ல. சரி, நீங்க போலாம்னுட்டாங்க.

வேற என்ன சொல்லச் சொல்லுதீங்க? தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பெரிய இடம். பொண்ணோட அப்பாவை வேலையிலருந்து தூக்கிட்டாங்கன்னா நிச்சயம் நிக்குமா? அவளுக்கு சின்ன வயசு, படிப்பு இருக்கு, எங்க போனாலும் வேலை கிடைக்கும். நான் அப்படித்தான் நெனச்சேன். கெட்டது நெனைக்கல.

வெளிய வராண்டாவுல வந்து, "அண்ணாச்சி, நீங்க சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்"னா. கோபமாச் சொன்னாக்கூடப் பரவால்ல. பஸ் எத்தனை மணிக்குன்னு கேக்க மாதிரி சொன்னா.

அவ வேலை போச்சு. அதோட விடல. லைன் கம்பெனிங்க எல்லாம் வேலைக்கு எடுக்கக் கூடாதவங்கன்னு தங்களுக்குள்ள ஒரு லிஸ்ட் வச்சிருக்காங்க, அதுல பேரைப் போட்டுட்டாங்க. அவ போன ரெண்டாவது வாரம் புது கார்டு வந்துச்சு. நான்தான் இறக்கி வச்சேன்.

அவ அப்பா அடுத்த வருஷம் தவறிட்டாரு. நான் சும்மா இருக்கல சார். எனக்குத் தெரிஞ்ச கேபிள் டிவிக்காரன்ட்ட அவளுக்கு ஒரு வேலை பேசினேன். வீடு வீடாப் போய் டப்பா மாட்டுத வேலை. "வேண்டாம் அண்ணாச்சி"ன்னுட்டா. நாம செய்யத்தான் முடியும். வாங்கிக்கிடணும்ல?

இப்ப அந்த ஊர்லதான் மெயின் ரோட்டுல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கா. வருமானச் சான்று, சாதிச் சான்று, பென்ஷன், எல்லாத்துக்கும் அப்ளிகேஷன் போட்டுக் குடுக்கா. கல்யாணம் ஆகல. அம்மா கூட இருக்கா.

போன மாசம் போன் வந்துச்சு. ஆறு வருஷத்துல முதத் தடவை. எடுத்ததும், "அண்ணாச்சி, இசக்கி பேசுதேன்"னா. கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனி, இதே ஆம்ப்ளிஃபயர் வேலை. பரிச்சை வச்சு, நேர்ல பாத்து, எடுத்துட்டாங்க. அப்புறம் லிஸ்ட்ல பேரு இருக்குன்னு நிறுத்தி வச்சிருக்காங்க. எங்க பழைய கம்பெனியை வேறொருத்தன் வாங்கிட்டான். இவ அங்க போய்க் கேட்டிருக்கா. என்கொயரி ஃபைல் எங்ககிட்ட வரலங்கானாம். லிஸ்ட் மட்டும் வந்திருக்கு. ஃபைல் இல்லாம பேரை எடுக்க முடியாதுங்கான். என்ன கொடுமை பாருங்க.

கோயம்புத்தூர்க்காரங்க ஒரு வழி சொல்லியிருக்காங்க. அந்தச் சமயத்துல கூட வேலை பாத்தவங்க யாராவது நடந்ததை எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுத்தா நாங்க பாத்துக்கிடுதோம்னு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேரணும்.

"நீங்க ரிட்டயர்டு ஆயிட்டீங்கல்லா அண்ணாச்சி. இனி உங்களை யாரும் ஒண்ணும் செய்ய முடியாது"ன்னா. உண்மைதான.

எழுதினேன் சார். எழுத மாட்டேன்னு சொல்லல. மூணு வாரம் யோசிச்சு, என் கைப்பட எழுதி, நானே பஸ் ஏறிக் கொண்டாந்தேன். தபால்ல போட்டிருக்கலாம். நேர்ல குடுக்கதுதான் மரியாதைன்னு வந்தேன். சந்தோசப்படுவான்னு நெனச்சேன்.

கடையில ஒரு அம்மா உக்காந்திருக்கு, விதவைப் பென்ஷனுக்கு வந்தது. இசக்கி என்னைப் பாத்ததும் எந்திரிச்சா. தலையில அங்கங்க நரை. முப்பத்தி நாலு வயசுதான் சார் இருக்கும். "வாங்க"ன்னா. 'வாங்க அண்ணாச்சி' இல்ல, வெறும் வாங்க. கவரை வாங்கிப் பிரிச்சா. நின்னுக்கிட்டே படிச்சா. திரும்ப ஒரு தடவை படிச்சா.

"'அன்று நான் ஹட்டில் இருந்திருக்கலாம்'னு எழுதியிருக்கீங்க."

"ஆமாம்மா. ஆறு வருஷம் ஆயிட்டுல்லா. உறுதியா எப்படி எழுத?"

"'மோடு மாற்றப்பட்டிருக்கலாம்'னு போட்டிருக்கீங்க. யாரு மாத்தினதுன்னு இல்ல."

"எல்லாம் அதுக்குள்ள அடங்கிரும்லம்மா."

லெட்டரை மடிச்சு என் கையில குடுத்துட்டா. நாற்காலியில உக்காந்து டைப் அடிச்சா. மூணு வரிதான் இருக்கும். பிரிண்ட் எடுத்து என் முன்னால கவுண்டர்ல வச்சா. 'பன்னிரண்டாம் தேதி ஹட்டில் இருந்தது நான். அவருடைய பாஸ்வேர்டைப் பயன்படுத்தி மாற்றியது நான். அவர் விடுப்பில் இருந்தார்.' கீழ என் பேரு. பக்கத்துல பேனா.

"படிச்சுப் பாருங்க. தப்பு ஏதும் இருந்தா சொல்லுங்க, திருத்திருதேன்"னா.

தப்புன்னு என்ன சொல்ல? கண்ணாடியை எடுத்துப் போட்டேன், கழட்டினேன். பியூலா மாப்பிள்ளை இப்ப எங்க கம்பெனியை வாங்குனவன்ட்டதான் சார் இருக்காரு. பழைய ஆளுன்னு நான்தான் சொல்லிச் சேத்து விட்டேன். நாளைக்கு இந்தத் தாளு சுத்திச் சுத்தி அங்க வந்தா அவரு முகத்தை எங்க வச்சுக்கிடுவாரு? என் மக என்னை என்னன்னு நெனைப்பா? இதெல்லாம் அவளுக்கு விளங்க வைக்கணும்னுதான் நின்னேன். ஒரு மணி நேரம் நின்னேன். அவ நிமிரவே இல்ல. அந்தப் பென்ஷன் அம்மா பேரு, புருஷன் பேரு, செத்த தேதின்னு ஒவ்வொண்ணாக் கேட்டு அடிச்சிக்கிட்டே இருக்கா. அந்த அம்மா தேதி தெரியாம முழிக்கு. இவ, "பரவால்ல, யோசிச்சுச் சொல்லுங்க"ங்கா. அவ்வளவு பொறுமை.

அதுக்குள்ள இந்த வண்டி வந்து ஆரன் அடிச்சிட்டான். இதை விட்டா இனி நாலு மணிக்குத்தானாம். "வாரேம்மா"ன்னேன். அவ என்ன சொன்னான்னு காதுல விழல, ஆரன் சத்தம்.

ஏறி இந்த சீட்டுல உக்காந்து ஜன்னல் வழியா பாத்தேன். அந்தத் தாளு காத்துல கவுண்டரை விட்டுப் பறக்கப் பாத்துச்சு. அவ எட்டிப் பிடிச்சு, முன்ன இருந்த இடத்துலயே வச்சு, ஸ்டேப்ளரை எடுத்து அது மேல வச்சா. அப்புறம் அந்த அம்மா பக்கம் திரும்பிட்டா. இவன் வண்டியை எடுத்துட்டான்.